காருக்குப் புது ஸ்டீரியோ: கதவிலிருந்து தொடங்குங்கள்

காரில் பாட்டு நன்றாகக் கேட்கவில்லை என்றதும் நம் கை முதலில் போவது டேஷ்போர்டில் இருக்கும் பெட்டிக்குத்தான். நானும் அப்படித்தான் செய்தேன். பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு அகலத் திரையுடன் புதிதாக ஒன்றை மாட்டினேன். படம் பளிச்சென்று தெரிந்தது. பாட்டு மட்டும் பழையபடி தகர டப்பாவுக்குள்ளிருந்தே வந்தது. சில மாதங்கள் கழித்து, கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கதவின் உள்பலகையைக் கழற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மழைநீரில் ஊறிக் காய்ந்து, விளிம்பில் கால்வட்ட அளவுக்குக் கிழிந்திருந்தது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன், கரகரவென்று உரசியது. எதிர்ப்பக்கக் கதவில் ஸ்பீக்கர் நன்றாகவே இருந்தது. ஆனால் அதன் ப்ளஸ்ஸும் மைனஸும் மாறி இணைக்கப்பட்டிருந்தன. இப்படி இரண்டு ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு அந்தப் புதுத் திரை என்ன செய்துவிட முடியும்?

ஆகவே இந்த வழிகாட்டி விற்பனைக்கூடத்தில் சொல்லும் வரிசையில் போகாது. ஹெட் யூனிட் எனப்படும் பெட்டி பெரும்பாலும் வசதிக்கான பொருள். ஒலியைத் தீர்மானிப்பவை முன்கதவு ஸ்பீக்கர், அது உட்கார்ந்திருக்கும் கதவு, அதற்குப் போய்ச் சேரும் மின்திறன் ஆகியவை. எது பலவீனமோ அதை மாற்றினால்தான் மாற்றம் காதில் தெரியும்.

1. மாற்றுவதற்கு முன் கேளுங்கள்

அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை அக்சஸரி நிலையில் வையுங்கள். பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, உங்களுக்கு மனப்பாடமான இரண்டு மூன்று ஒலிப்பதிவுகளைப் போடுங்கள். நான் எடுத்துக்கொள்வது ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம். இடப்பக்கமான தொப்பியின் ‘தொம்’ வயிற்றில் இறங்க வேண்டும். வலப்பக்கமான வலந்தலையின் ‘நம்’ காதருகே தெறிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆளின் இரு கைகள் என்று தோன்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் ‘நம்’ கேட்கும், ‘தொம்’ எங்கோ கதவுக்குள் தொலைந்துபோயிருக்கும்.

அடுத்து பேலன்ஸ் (இடம்-வலம்), ஃபேடர் (முன்-பின்) இரண்டையும் நகர்த்தி ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு மூலை மட்டும் கரகரத்தால் அந்த ஸ்பீக்கர் போய்விட்டது. தனியாகக் கேட்கும்போது நான்கும் நன்றாக இருந்து, சேர்ந்து ஒலிக்கும்போது பேஸ் மறைந்துவிட்டால் ஏதோ ஒன்று தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுக்கிறது; காற்றழுத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது. செய்தி வாசிப்பு போன்ற ஒற்றைக் குரலைப் போட்டு, பேலன்ஸையும் ஃபேடரையும் முன்பக்கம் நடுவில் வைத்துக் கேட்டாலும் இது பிடிபடும்: குரல் டேஷ்போர்டின் மேல் ஓர் இடத்தில் நிற்காமல் காதைச் சுற்றிப் பரவிக் கிடக்கும்.

சந்தேகம் இருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஸ்பீக்கர் வயர்களை ஸ்டீரியோவிலிருந்து முழுவதும் பிரித்துவிட்டு, பேட்டரியின் இரு முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். ப்ளஸ் ப்ளஸ்ஸோடு சேர்ந்திருந்தால் ‘டப்’ என்ற சத்தத்தோடு கூம்பு வெளியே தள்ளும். மாறியிருந்தால் உள்ளே இழுக்கும். தொட்டு எடுக்க வேண்டும், பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. வண்டியில் கம்பெனியே பொருத்திய தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால் இந்தச் சோதனையை ஸ்டீரியோ பக்கத்தில் செய்ய வேண்டாம், ஸ்பீக்கரருகே செய்யுங்கள்.

கடைசியாக எஞ்சினை இயக்கிக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடவே ஏறும் மெல்லிய ‘ஊஊ’ சத்தம் வந்தால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எர்த் இணைப்பில் கோளாறு என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி வாங்கினால் சத்தமும் அதோடு சேர்ந்து தெளிவாகக் கேட்கும்.

2. வண்டி எதற்கு இடம் கொடுக்கும்?

டேஷ்போர்டுத் துளைக்கு ஓர் அளவு உண்டு. ‘டின்’ என்று எல்லோரும் சொல்வது ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். சிங்கிள் டின் என்றால் 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். டபுள் டின் என்றால் அதே அகலம், 100 மில்லிமீட்டர் உயரம். சில தயாரிப்பாளர்களின் வண்டிகளில் அகலம் 200 மில்லிமீட்டர். அவற்றில் 180 மில்லிமீட்டர் பெட்டியை வைத்தால் இருபுறமும் ஒரு விரல் அகல இடைவெளி விழும். அதை மூட வண்டிக்கென்றே செய்த முகச்சட்டம் வேண்டும். 9 அங்குலம், 10 அங்குலத் திரைகளுக்கு வண்டி வாரியாகத்தான் சட்டம் கிடைக்கும். உங்கள் மாடலுக்கும் தயாரிப்பு ஆண்டுக்கும் சட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரைக்கு ஆசைப்படுங்கள்.

பலர் அளக்க மறப்பது ஆழத்தை. பெட்டி உள்ளே போய்விடும். அதன் பின்னால் வயர்க் கற்றைக்கு இடமிருக்காது. அழுத்தித் திணித்தால் ஏசி குழாயில் இடிக்கும், இல்லையென்றால் ஏதோ ஒரு கப்ளர் நாளடைவில் கழன்றுவிடும். டிஸ்க் செருகும் வழி இல்லாத, ஆழம் குறைந்த பெட்டிகள் இப்போது நிறைய வருகின்றன. டிஸ்க் போடும் பழக்கம் இல்லாதவர்களுக்கு அவைதான் நல்லது.

புதிய வண்டிகளில் ஸ்டீரியோ வெறும் ஸ்டீரியோவாக இருப்பதில்லை. ஏசி கட்டுப்பாடு, டயர் அழுத்த எச்சரிக்கை, பார்க்கிங் சென்சார் படம், கதவுப்பூட்டு அமைப்புகள் என்று பலவும் அதே திரைக்குள் இருக்கும். எல்லாம் கேன் பஸ் எனப்படும் தரவுக்கம்பி வழியாகப் பேசிக்கொள்கின்றன. அந்தத் திரையைக் கழற்றினால் இவற்றில் சில போய்விடும். அடாப்டர் வைத்துச் சிலவற்றைத் திரும்பப் பெறலாம், எல்லாவற்றையும் பெற முடியாது. ஸ்டீரிங்கில் இருக்கும் பட்டன்களும் இதே கதைதான்: பழைய வண்டிகளில் அவை வெறும் மின்தடைகள், புதுப்பெட்டிக்கு எளிதில் கற்றுக்கொடுத்துவிடலாம், கேன் பஸ் வழியாகப் போகும் பட்டன்களுக்கு மாடலுக்கு ஏற்ற அடாப்டர் தேவை.

இப்படிப்பட்ட வண்டி உங்களுடையது என்றால் என் பரிந்துரை நேரடியானது: திரையைத் தொடாதீர்கள். அதன் ஸ்பீக்கர் வெளியீட்டையே உள்வாங்கி, டிஜிட்டல் முறையில் ஒலியைச் சீர்செய்யும் டிஎஸ்பி ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சேருங்கள். கம்பெனிப் பெட்டிகள் பலவற்றில் ஒலி கூடக்கூட பேஸை மெல்லக் குறைத்துவிடும் ஏற்பாடு இருக்கும். மெலிந்த ஸ்பீக்கர்கள் கிழியாமலிருக்க அந்த ஏற்பாடு. நல்ல டிஎஸ்பி அந்த வளைவை அளந்து நேராக்கிவிடும். வண்டியின் முகமும் மாறாது.

3. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட்

‘4 × 50 வாட்’ என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறது. அந்த 50 எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பிறகு எந்த அட்டையும் உங்களை ஏமாற்ற முடியாது.

எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சிப் அந்த வோல்ட்டுக்குள்தான் ஆட முடியும். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். இசை அலை சீராக ஏறி இறங்கும் சைன் அலை என்று வைத்துக்கொண்டால், 14.4 உச்சத்தின் பயனுறு மதிப்பு 10.2 வோல்ட், அதன் வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் 26 வாட். இது ஏட்டுக்கணக்கு. சிப்புக்குள் போகும் இழப்பைக் கழித்து, ஒலி சிதையாத அளவில் கையில் நிற்பது 15 முதல் 22 வாட் வரை. அப்படியானால் 50? ஒலியைக் கூட்டிக்கூட்டி அலையின் தலையையும் காலையும் வெட்டி முழுச்சதுரமாக்கிவிட்டால் 14.4இன் வர்க்கத்தை 4ஆல் வகுக்கலாம்: 51.8. அது 50 வாட் இசை அல்ல, 50 வாட் இரைச்சல்.

நம்பாவிட்டால் பெட்டியின் பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்று இருக்கும், சிலவற்றில் 15. 10ஐ 14.4ஆல் பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 வாட் என்றால் வெளியே தொடர்ந்து 200 வாட் எப்படி வரும்?

ஆகவே ‘மேக்ஸ்’, ‘பீக்’ என்ற சொற்களைத் தாண்டி தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்லும் ‘ஆர்எம்எஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். ‘சிஇஏ-2006’ என்ற அளவீட்டு முறையைக் குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 சதவீதச் சிதைவுக்குள் எவ்வளவு வாட் என்பதே அந்த முறை. ஆம்ப்ளிஃபயருக்கும் இதே விதி. உள்ளங்கையளவு டப்பாவில் நான்கு இலக்க வாட் போட்டிருந்தால் அதன் ஃப்யூஸ் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும்.

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்று ஸ்பீக்கர் அட்டையின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும்: சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. மின்திறனை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 80 வாட் கொடுத்துப் பெறும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டிலேயே கொடுத்துவிடும். தனி ஆம்ப்ளிஃபயர் போடும் எண்ணம் இல்லாதவர்கள் 90க்கு மேல் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். ஒரு சின்னத் தந்திரமும் தெரிந்துகொள்ளுங்கள். சிலர் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட்டில் அளந்து போடுவார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். எண் சும்மாவே 3 கூடிவிடும்.

4. ஹெட் யூனிட்

திரை வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால் உங்கள் முன் இரண்டு வகை நிற்கும். ஒன்று, போனை இணைத்தால் வரைபடமும் பாட்டும் திரைக்கு வரும் பெட்டி. ஆப்பிள் கார்ப்ளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ அதற்கடுத்த ஆண்டிலும் வந்தபின் பெரிய ஆடியோ நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பாதைக்கு வந்துவிட்டன. மற்றொன்று, டேஷ்போர்டுக்குள் பதித்த ஆண்ட்ராய்டு டேப்லெட். இரண்டாவதில் திரை பெரிது, செயலிகள் அதிகம், பட்டியலில் வசதிகள் நீளமாக இருக்கும். ஆனால் மென்பொருள் புதுப்பிப்பு வருவது அரிது. செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் ரேம் அளவும் ஆண்ட்ராய்டு பதிப்பும் திருத்தி எழுதப்பட்டவையாக இருப்பதுண்டு. போன் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறும், டேஷ்போர்டு மாறாது. மூளையைப் போனிலேயே விட்டுவைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.

வாங்கும்போது நான் உண்மையில் பார்ப்பவை சில. பகல் வெளிச்சத்தில் திரை தெரிகிறதா? சாய்த்துப் பார்த்தால் நிறம் வெளிறுகிறதா? சாவியைத் திருப்பியதும் ரிவர்ஸ் கேமரா எத்தனை நொடியில் வருகிறது? வண்டியைப் பின்னெடுத்து முடித்தபிறகு படம் வருவதில் பயனில்லை. ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகும் குமிழ் இருக்கிறதா? பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது வழுவழுப்பான கண்ணாடியில் ‘ப்ளஸ்’ குறியைத் தேடுகிறவருக்குத்தான் குமிழின் அருமை தெரியும்.

பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். தனி ஆம்ப்ளிஃபயருக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ப்ரீஅவுட் துளைகள் எத்தனை ஜோடி, எத்தனை வோல்ட்? பிற்காலத்தில் ஆம்ப்ளிஃபயர் சேர்க்கும் எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால் முன், பின், சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸுக்கான தனி ஸ்பீக்கர்) என்று மூன்று ஜோடியும், 4 வோல்ட்டும் இருப்பது நல்லது. வோல்ட் கூடினால் இரைச்சல் அதனடியில் அமுங்கிவிடும். ஸ்பீக்கர்களின் தூர வித்தியாசத்தை ஈடுகட்டும் டைம் அலைன்மென்ட், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைத் தடுக்கும் ஹைபாஸ், பத்துக்குக் குறையாத ஈக்வலைசர் பட்டைகள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இவற்றை வைத்துத்தான் கடைசிப் படியில் வேலை செய்யப்போகிறோம்.

ப்ளூடூத் வழியாகவே பாட்டு கேட்பவர்கள் பெட்டி எந்தக் கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையை, ஏற்கிறது என்று பாருங்கள். அடிப்படை முறையான எஸ்பிசி மட்டும் என்றால் ஐபோன்காரர்களுக்கு ஏஏசி கிடைக்காது, ஆண்ட்ராய்டுகாரர்களுக்கு எல்டாக் கிடைக்காது. வயர்லெஸ் கார்ப்ளேயில் இந்தக் கவலை இல்லை. ஒலி வைஃபை வழியாகப் போகிறது.

விற்பனைக்கூடத்துச் சுவரில் பத்து ஸ்பீக்கர்களைப் பதித்து, பட்டனை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். இரண்டில் எது ஒரு துளி சத்தமாக இருக்கிறதோ அதுவே நல்லது என்று காது சொல்லும். காதின் இயல்பு அது. சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். விற்பவரின் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

5. ஸ்பீக்கரும் கதவும்

பணத்தின் பெரும்பங்கை இங்கே போடுங்கள்.

முன்கதவில் பொதுவாக 6.5 அங்குலம், சில வண்டிகளில் 5.25 அங்குலம், பின்தட்டில் 6 × 9 அங்குல முட்டைவடிவம். வட்டத்தின் விட்டம் பொருந்தினால் போதாது. கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்பலகை வலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். கூம்பு முன்னே வரும்போது வலையில் தட்டக் கூடாது.

கோஆக்சியலா, காம்பொனென்டா? கோஆக்சியலில் உயர்சுருதிக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டர் கூம்பின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். மாட்டுவது எளிது. ஆனால் அது கதவின் அடியில், உங்கள் கணுக்காலைப் பார்த்துப் பாடும். உயர்சுருதி ஒலி டார்ச் வெளிச்சம்போல் நேராகப் போவது. தொடையிலும் இருக்கையிலும் பட்டு அடங்கிவிடும். காம்பொனென்டில் ட்வீட்டர் தனி. கண்ணாடித் தூணிலோ பக்கக் கண்ணாடியின் முக்கோணத்திலோ வைக்கலாம். பாடகர் காலடியிலிருந்து எழுந்து டேஷ்போர்டின் மேல் வந்து நிற்பார். முன்பக்கத்துக்குக் காம்பொனென்ட், பின்பக்கம் பழையதே இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. கச்சேரியில் யாரும் மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. பின்னால் தினமும் ஆட்கள் அமர்ந்து பாட்டு கேட்பார்கள் என்றால் மட்டும் பின்பக்கத்தையும் கவனியுங்கள்.

இனி கதவு. ஸ்பீக்கர் என்பது பாதிப் பொருள். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். காரில் கதவுதான் அந்தப் பெட்டி. உள்தகட்டில் மோட்டாரைப் பொருத்தக் கைநுழையும் அளவுக்குத் துளைகள் விட்டிருப்பார்கள். அவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடியிருப்பார்கள். கூம்பின் பின்புறம் எழும் ஒலி அந்தத் துளைகள் வழியாக வெளியே வந்து முன்புற ஒலியை அழிக்கிறது. அழிந்துபோவது முதலில் பேஸ்தான். ‘தொம்’ தொலைந்த இடம் இதுதான்.

வேலை இப்படிப் போகும். உள்பலகையைக் கழற்றுங்கள், கிளிப்கள் இரண்டு மூன்று உடையும், உதிரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தாளை எடுத்து, பழைய கருப்புப் பசையைத் துடைத்து, வெளித்தகட்டின் உட்புறம் முதலில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஒட்டுங்கள். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லை. விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று ஒலிக்கும் இடத்தில் ஒட்டினால் ‘தொப்’ என்று அடங்கும். தகட்டின் கால்பங்கிலிருந்து பாதிவரை மூடினால் போதும், மீதி எடைதான். உருளையால் அழுத்தி, அடியில் காற்று இல்லாமல் ஒட்ட வேண்டும். பிறகு உள்தகட்டின் பெரிய துளைகளைக் கெட்டியான தகடு வைத்து மூடி, மேலே ஷீட் ஒட்டுங்கள். பூட்டுக்கம்பிகள் தடையில்லாமல் அசைகின்றனவா என்று கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஸ்பீக்கரை நேரே தகட்டில் திருகாமல் கனமான பிளாஸ்டிக் வளையத்தின் மேல் திருகுங்கள். எம்டிஎஃப் பலகை வளையம் மழைநீரில் ஊதிவிடும். வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே நுரைப்பட்டை.

ஒன்றை மறக்காதீர்கள்: கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். ஆர்வத்தில் அவற்றையும் மூடிவிட்டால் கதவு தொட்டியாகிவிடும்.

இத்தனையும் பழைய ஸ்பீக்கருக்கே செய்தாலும் வித்தியாசம் தெரியும். கதவைச் சாத்தும் சத்தமே மாறிவிடும்.

6. ஆம்ப்ளிஃபயரும் அதன் வயரும்

பெட்டியின் 20 வாட், நல்ல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்கு நகர ஓட்டத்தில் போதும். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலும் காற்றும் சேரும்போது ஒலியைக் கூட்டுவீர்கள்; அங்கேதான் அலையின் தலை வெட்டுப்பட்டுக் காது வலிக்கும். சேனலுக்கு 50 முதல் 75 வாட் ஆர்எம்எஸ் தரும் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் அதற்கு மருந்து. முன்னிரண்டு சேனல் முன்கதவுக்கு. பின்னிரண்டை பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, சப்வூஃபருக்கு. பிரிட்ஜ் செய்யும்போது ஆம்ப்ளிஃபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாது.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 400 வாட் தரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் 80 சதவீதத் திறனில் ஓடினால் 500 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் அது 36 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிக்கிவரை அதைக் கொண்டுபோக 4 கேஜ் செம்புக்கம்பி வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி பார்க்க அச்சு அசலாக இருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அதன் கடத்துதிறன் குறைவு என்பதால் அதே வேலைக்கு இன்னும் தடிமன் தேவைப்படும்.

பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஃப்யூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அல்ல, கம்பியை. எஞ்சின் பக்கத்துத் தகட்டில் எங்கோ உரசிக் காப்புறை கிழிந்தால், ஃப்யூஸ் இல்லாத கம்பி நேரே நெருப்புத்தான். தகட்டுத் துளை வழியாகக் கம்பி போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

7. சப்வூஃபர்

எல்லோருக்கும் தேவையில்லை. கதவைச் சரியாக அடைத்தபின் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். இருக்கைக்கு அடியில் போகும் ஆம்ப்ளிஃபயருடன் கூடிய மெலிந்த சப்வூஃபர் அடிமட்டம்வரை இறங்காது. ஆனாலும் கதவு ஸ்பீக்கர் திணறும் 50 முதல் 80 ஹெர்ட்ஸ் பகுதியை நிரப்பிவிடும், டிக்கியும் மிஞ்சும். டிக்கியில் பெட்டி வைப்பதென்றால் மூடிய பெட்டி இறுக்கமான தாளத்துக்கு, துளை வைத்த பெட்டி அதிகச் சத்தத்துக்கு. துளைப்பெட்டியின் கனஅளவு ஸ்பீக்கருக்கென்றே கணக்கிடப்பட்டதாக இருக்க வேண்டும். கையில் கிடைத்த பெட்டியில் கிடைத்த ஸ்பீக்கரைத் திருகினால் ஒரே சுருதியில் உறுமும்.

8. பொருத்தும் நாள்

நீங்களே செய்தாலும் சரி, ஆள் வைத்துச் செய்தாலும் சரி, முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்ற வேண்டும். சில பழைய ஸ்டீரியோக்கள் மின்சாரம் போனால் ரகசியக் குறியீட்டு எண் கேட்கும். கழற்றும்முன் எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் கப்ளர்கள் பெரும்பாலும் ஏர்பேகுக்கு உரியவை, தொடக்கூடாது. மின்சாரக் கார்களிலும் ஹைப்ரிட்களிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம். அவற்றின் அருகே போகவே வேண்டாம்.

வண்டியின் வயரை ஒருபோதும் வெட்டவிடாதீர்கள். ஒருமுறை என் கண்முன்னே ஒருவர் கப்ளரை நறுக்கி, வயரைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றினார். ஆறு மாதத்தில் வெயிலுக்கு டேப்பின் பசை இளகி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடது ஸ்பீக்கர் நின்று நின்று பேசியது. மாடலுக்கேற்ற ஹார்னெஸ் அடாப்டர் வாங்கினால் ஒரு முனை வண்டியில், மறுமுனை பெட்டியில். வெட்டு இல்லை, வாரண்டிச் சண்டையும் இல்லை, வண்டியை விற்கும்போது பழைய பெட்டியை மாட்டிக் கொடுத்துவிடலாம்.

வெளிச்சந்தைப் பெட்டிகளின் வயர் நிறங்கள் ஏறக்குறைய ஒரே வழக்கம். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும், கருப்பு எர்த். முன்பக்கம் இடது வெள்ளை, வலது சாம்பல். பின்பக்கம் இடது பச்சை, வலது ஊதா. ஒவ்வொன்றிலும் கருப்புக் கோடு போட்டது மைனஸ். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக்கோடு ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் ரிமோட் வயர். வண்டிப் பக்கத்தில் இந்த நிறங்கள் பொருந்தாது. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரை நம்புங்கள். மஞ்சளும் சிவப்பும் மாறிவிட்டால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் கடிகாரமும் நிலையங்களும் அழிந்துவிடும். புதுப்பெட்டி வந்தபின் எஃப்எம் இழுக்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் நீல வயர்: ஆன்டெனாவுக்குள் இருக்கும் சிறு பெருக்கிக்கு மின்சாரம் போயிருக்காது.

ஆர்சிஏ கேபிள் ஒரு பக்கம், மின்கம்பி மறுபக்கம் என்று பிரித்து இழுங்கள். எர்த்தை ஆம்ப்ளிஃபயருக்கு அருகிலேயே, பெயின்ட்டைச் சுரண்டிய வெற்றுத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ‘ஊஊ’ சத்தத்தில் பாதி இங்கேயே ஒழியும். போன் பேசுவதற்கான மைக்கை டேஷ்போர்டு மேல் வைக்காமல், கண்ணாடித் தூணிலோ வெயில்மறைப்பு அருகிலோ வையுங்கள். எதிரே பேசுபவர் ஏசிக் காற்றைக் கேட்க வேண்டியதில்லை. ஹேண்ட்பிரேக் வயரை எர்த்தில் முடிச்சுப்போட்டு, ஓட்டும்போதே படம் ஓடச் செய்து தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

9. ஒலியைச் சீர்செய்வது

ஆம்ப்ளிஃபயரில் ‘கெயின்’ என்று ஒரு திருகு இருக்கும். அது சத்தத்தைக் கூட்டும் குமிழ் அல்ல. பெட்டியின் வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, ஈக்வலைசரைச் சுழியமாக்கி, ஒலியை முக்கால் அளவில் வைத்து, முழு அளவில் பதிவான 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள். வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் இலக்கு கிடைக்கும்: 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். அங்கே நிறுத்துங்கள். சப்வூஃபர் சேனலுக்கு மட்டும் 50 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ், சப்வூஃபருக்கு 80இல், அதற்கு மேலுள்ளதைத் தடுக்கும் லோபாஸ். சப்வூஃபர் இல்லாவிட்டாலும் 50 அல்லது 60இல் ஹைபாஸ் வைத்தால் கதவு ஸ்பீக்கர் தன்னால் முடியாததைச் சுமக்காமல், முடிந்ததைத் தெளிவாகச் செய்யும்.

அடுத்தது டைம் அலைன்மென்ட். ஒரு அளவுநாடாவை எடுத்து உங்கள் தலை இருக்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தூரத்தை அளங்கள். அருகில் உள்ளது 90 சென்டிமீட்டர், தூரத்தில் உள்ளது 150 சென்டிமீட்டர் என்றால் வித்தியாசம் 60. ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே அருகில் இருப்பதை 1.75 மில்லிநொடி தாமதப்படுத்துங்கள். பல பெட்டிகளில் தூரத்தை அப்படியே சென்டிமீட்டரில் கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். அதுவரை ஓட்டுநர் பக்கக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்த குரல், பட்டனை அழுத்திய நொடியில் டேஷ்போர்டின் நடுவுக்கு நகரும்.

ஈக்வலைசரில் கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது. காதைக் குத்தும் இடம் பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அங்கே இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

கதவின் உள்பலகையை உடனே மாட்டிவிடாதீர்கள். ஒருநாள் அப்படியே ஓட்டுங்கள். இரவில் வண்டியைப் பூட்டி, எல்லாம் உறங்க அரைமணி நேரம் விட்டு, பேட்டரி மைனஸ் வழியே எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்று அளங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி. அதற்குமேல் என்றால் ஏதோ ஒன்று தூங்காமல் விழித்திருக்கிறது, பெரும்பாலும் ரிமோட் வயரை மஞ்சளோடு சேர்த்திருப்பார்கள். அதைச் சரிசெய்துவிட்டு அந்தத் தனியாவர்த்தனத்தை மறுபடி போடுங்கள். தொப்பியின் ‘தொம்’ வந்துவிட்டதா? வந்துவிட்டால் கிளிப்களை அழுத்தி உள்பலகையை மூடலாம்.